பாதி விலை பிப் வேண்டாம், உங்கள் பெயரிலேயே ஓடுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. நான்கு மாதமாக தினமும் 5 கி.மீ. வேகமாக நடக்கிறேன், ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். ஜனவரியில் சென்னையில் 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க ஆசை. கடைசியாக வந்து மானம் போகுமோ என்று தயக்கம். ஜிம்மில் ஒருவர், “இந்த வருஷம் வேற ஒருத்தர் பிப்-ல (நெஞ்சில் குத்தும் ஓட்ட எண் அட்டை) பாதி விலைக்கு ஓடிப் பாருங்க மேடம், பிடிச்சா அடுத்த வருஷம் பதிவு பண்ணிக்கலாம்” என்கிறார். செய்யலாமா? - வாசகி, வேளச்சேரி

பதில்: பெயர் கொடுங்கள், உங்கள் பெயரில் மட்டும்.

முதலில் மானப் பிரச்சினை. நீங்கள் ஓடவே ஓடாமல் நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் 10 கி.மீ. முடிந்துவிடும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம், 6 கி.மீ. வேகத்தில் இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றிப் போனால் சுமார் 86 நிமிடம். கால வரம்பு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். விதிகளில் ‘கட்-ஆஃப்’ என்று போட்டிருப்பார்கள், பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். கூட்டத்தின் பின்னால் நின்று கிளம்பினாலும் நஷ்டமில்லை. தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயை நீங்கள் மிதிக்கும்போதுதான் பிப்பில் உள்ள சிப் உங்கள் நேரத்தை எண்ணத் தொடங்கும். முதல் கிலோமீட்டரில் எல்லோரும் பாய்ந்து போவார்கள். போகட்டும், அவர்களில் பாதிப்பேரை ஆறாவது கிலோமீட்டரில் பார்ப்பீர்கள்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரம் 3 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓட்டம் என்று அரை மணி நேரம். அடுத்து 2-க்கு 1, பிறகு 2-க்கு 2. ஞாயிறு தூரத்தை மட்டும் வாரம் அரை கி.மீ. கூட்டி 8 வரை கொண்டுவாருங்கள். புது ஷூவைப் போட்டி நாளில் போடாதீர்கள்.

இனி அந்த ஜிம்காரர். பிப் என்பது நுழைவுச் சீட்டு அல்ல. பதிவின்போது கொடுத்த பெயர், வயது, ரத்த வகை, அவசரத் தொலைபேசி எண் எல்லாம் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கின்றன. எட்டாவது கிலோமீட்டரில் நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் கூடாரத்திலிருந்து போன் யார் வீட்டுக்குப் போகும்? பிப்காரர் ஆணாக இருந்தால் உங்கள் நேரம் ஆண்கள் பட்டியலில் ஏறும். கண்டுபிடித்தால் இருவரையும் தகுதி நீக்கம் செய்வார்கள். வாட்ஸ்அப்பில் பிப் விற்பவர் பணம் வாங்கியபின் காணாமல் போனால் புகார் சொல்லவும் இடமில்லை.

இந்தக் கள்ளச் சந்தையை வளர்ப்பதே அமைப்பாளர்கள்தான். பல மாதம் முன்பே பணத்தை வாங்கிக்கொண்டு, ‘திரும்பத் தரப்படாது, பெயர் மாற்ற முடியாது’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். கால் சுளுக்கியவர் என்னதான் செய்வார்? சிறு கட்டணம் வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தால் பாதித் திருட்டு நின்றுவிடும். அதற்கு மனமில்லை, மெடலைப் பெரிதாக்க மட்டும் பணம் இருக்கிறது.

‘பயிற்சியோடு பதிவும் சேர்த்து’ என்று கூடுதல் தொகை கேட்பவரிடமும் கொடுக்காதீர்கள். ஓட்டத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே பதியுங்கள். பணம் போய் உறுதி மின்னஞ்சல் வராவிட்டால் உடனே மறுபடி கட்டாமல், வங்கிக் கணக்கைப் பாருங்கள். டி-ஷர்ட் அளவைத் தளத்தில் தந்திருக்கும் அங்குலக் கணக்கு பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சர்க்கரை நோய் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் கட்டாயம். முந்தின நாள் மருந்தின் வேலை மிச்சமிருக்க, விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குளிர் வியர்வை, தலைசுற்றல் எல்லாம் ஓட்டக் களைப்பு போலவே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். அந்த நாளின் மருந்தளவை மருத்துவரிடமே கேளுங்கள், ஓட்டக் குழுவில் கேட்காதீர்கள். கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள், 90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, ஏறியபின் கிளம்புங்கள். குளுக்கோஸ் பொட்டலம் பையில் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் நின்று சாப்பிடுங்கள், ஓடிக்கொண்டே சமாளிக்கப் பார்க்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

பிப் வாங்க ஓட்டத்துக்கு முன்பே நடக்கும் எக்ஸ்போவுக்கு அசல் அடையாள அட்டையோடு போங்கள். பிப்பை மடிக்காமல், சிப் நசுங்காமல், நான்கு ஊக்கு போட்டு நெஞ்சில் குத்துங்கள். இடுப்புப் பையால் மறைத்தால் பாயில் நேரம் பதிவாகாமல் போகலாம்.