ஊர் மக்களோடு சேர்ந்து அருங்காட்சியகக் காட்சி அமைப்பது என்றால் என்ன?

ஒரு காட்சியில் எதை வைப்பது, அதைப் பற்றி என்ன எழுதுவது என்பதை அலுவலர்கள் மட்டும் முடிவு செய்யாமல், அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்களான மக்களையும் தொடக்கத்திலிருந்தே உட்கார வைத்துப் பேசி முடிவெடுப்பதுதான் இது.

பொருள் அருங்காட்சியகத்திடம் இருக்கலாம். அது யார் வீட்டில், எதற்காக இருந்தது என்பது மக்களின் நினைவில்தான் இருக்கிறது. கல்யாணச் சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பந்தியில் எது கட்டாயம் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத்தானே அடுப்பு மூட்டுகிறார்?

நல்ல உதாரணம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது அந்த நகரின் ஒரு குடியிருப்புப் பகுதி. 1966-இல் நிறவெறி அரசு அந்தப் பகுதியை வெள்ளையர்களுக்கு மட்டும் என அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்தது. 1994-இல் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் தொடங்கியபோது, தரை முழுக்க அந்தப் பகுதியின் தெரு வரைபடத்தை விரித்தார்கள். முன்பு அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தங்கள் கையாலேயே பெயரை எழுதினார்கள். அப்புறம், இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த தெருப் பெயர்ப் பலகைகளும் அங்கே தொங்குகின்றன. நிபுணர்கள் மட்டும் கூடி யோசித்திருந்தால் இப்படியொரு காட்சி வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அப்படியானால் நிபுணர்களே தேவையில்லை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். தகவலைச் சரிபார்ப்பதும், பழைய துணியும் காகிதமும் கெடாமல் காப்பதும் இந்த முறையிலும் அவர்கள் வேலைதான்.