ஹெச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? கர்ப்பப்பை வாய் பற்றிய உங்கள் கேள்விகள்

வயது 34. ஹெச்பிவி டெஸ்ட் பாசிட்டிவ். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, புற்றுநோய்தானா?

இல்லை. ஹெச்பிவி என்ற இந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடுகிறது. போகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கினால்தான் ஆபத்து, அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மோசமானவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் அவற்றால் வருவதுதான். அதனால் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பாருங்கள். 16 அல்லது 18 என்றால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்யுங்கள். மற்ற வகை என்றால் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் செல்களை வழித்தெடுத்துச் செய்யும் பரிசோதனை) பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். அப்புறம், இது உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்பதை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகப்படாதீர்கள், வைரஸ் எப்போது வந்தது என்று எந்த டெஸ்ட்டாலும் சொல்ல முடியாது.

பயாப்சியில் 'பி16 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. இது இன்னொரு வைரஸா?

வைரஸ் இல்லை, நம் செல்லே உண்டாக்கும் புரதம். ஹெச்பிவியின் இ7 என்ற புரதம், செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை முடக்கிவிடும், அப்போது பி16 அளவுக்கு மீறிக் குவியும். சிஐஎன் 2 (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தின் நடுநிலை) போல இரண்டுங்கெட்டானாகத் தெரியும் இடத்தில், பி16-ஐக் காட்டும் சாயம் நோயியல் மருத்துவருக்குப் பெரிய துணை. அது மட்டுமே புற்றுநோய் என்று ஆகாது.

எஸ்சிசி ரத்த டெஸ்ட் எடுத்தால் முன்கூட்டியே தெரியுமா?

தெரியாது. எஸ்சிசி என்பது இந்தப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம், ஆரம்ப நிலையில் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு கண்காணிக்கத்தான் உதவும். அந்தப் பணத்தில் ஹெச்பிவி டெஸ்ட் எடுங்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை அதைச் செய்து எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, 2009-இல் வெளியான முடிவு இது.

அம்மாவுக்கு நோய் திரும்பியிருக்கிறது. பிடி-எல்1 டெஸ்ட் கேட்கிறார்கள், அவசியமா?

திரும்பிய அல்லது பரவிய நோயில் அவசியம்தான். பிடி-எல்1 என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து புற்றுநோய் தப்பிக்க உதவும் புரதம். ரிப்போர்ட்டில் அதன் அளவைக் காட்டும் சிபிஎஸ் மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், கீமோவோடு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சேர்ப்பது ஆயுளைக் கூட்டுகிறது. ஆனால் மருந்தின் விலை மிக அதிகம். காப்பீடு கிடைக்குமா, வேறு வழி உண்டா என்று டெஸ்ட்டுக்கு முன்பே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், இதில் கூச்சப்பட எதுவுமில்லை. பெரும்பாலும் பழைய பயாப்சியின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கே போதும், அம்மாவுக்கு மறுபடி பயாப்சி தேவைப்படாது. முதலில் பார்த்த லேபில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.