மூன்று இடங்களில் மூன்று பெயர்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். என் மகனுக்கு 8 வயது. மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுகிறான், நோட்டைக் கிழிக்கிறான், தடுத்தால் பக்கத்தில் இருப்பவனை அடித்துவிடுகிறான். சில நேரங்களில் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான். ஆனால் வீட்டில் கட்டைகளை அடுக்க உட்கார்ந்தால் 2 மணி நேரம் அசையமாட்டான். முதலில் பார்த்த மருத்துவர் 15 நிமிடங்களில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்துப் பார்த்த உளவியலாளர், லேசான ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். பள்ளியிலோ, நான் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்கிறார்கள். மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. யார் சொல்வதை நம்புவது? மூளையை ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்கேனில் தெரியாது. ஏ.டி.எச்.டி.யையோ ஆட்டிசத்தையோ உறுதிசெய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. குழந்தையின் வளர்ச்சி வரலாறு, வீட்டிலும் பள்ளியிலும் அவன் நடந்துகொள்ளும் விதம், நேரில் பார்த்துக் கணித்தவை ஆகியவற்றைச் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வருகிறோம். ஆகவே மருத்துவரின் கையில் என்ன தகவல் இருக்கிறதோ, அதன் தரம்தான் நோயறிதலின் தரமும். உங்கள் மகனை மூன்று பேரும் மூன்று துண்டுகளாகப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் மூன்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. நான்காவதாக ஒரு பெயரைத் தேடி அலைவதைவிட, எல்லாத் துண்டுகளையும் ஒருவர் முன்னால் கொண்டுபோய் வைப்பதே இப்போது செய்ய வேண்டியது.

அந்த 15 நிமிடங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2013-இல் வெளிவந்த, மனநலக் குறைபாடுகளை அடையாளம் காண உதவும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5-இன்படி, இந்த வயதுக் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளிலோ மிகை இயக்கத்துக்கான 9 அறிகுறிகளிலோ குறைந்தது 6 அறிகுறிகள் 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும். அவற்றுக்கு வேறு காரணம் பொருந்தக் கூடாது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதையெல்லாம் எப்படி முடிவு செய்ய முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. அதற்காக அவர் சொன்னது தவறு என்றும் சொல்லமாட்டேன். கட்டைகளோடு 2 மணி நேரம் உட்காருவதை வைத்து மட்டும் ஏ.டி.எச்.டி. இல்லையென்று தள்ளிவிட முடியாது. பிடித்த வேலையில் மூழ்கிப்போகும் ஏ.டி.எச்.டி. குழந்தைகள் பலர் உண்டு. இரண்டு பேர் சொன்னதும் ஒருசேர உண்மையாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. 2013-க்கு முந்தைய கையேடு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே குழந்தைக்கு இருப்பதாகப் பதிவு செய்ய அனுமதிக்கவில்லை. இப்போது அந்தத் தடை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததுதான். அது கவனம் வேறெங்கோ இருப்பதாக இருக்கலாம். ஆட்டிசத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். சளி பிடித்த பின் நடுச்செவியில் நீர் தேங்கிக் காது மந்தமாகியிருக்கலாம். அப்படியானால் ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது, பார்ப்பவர்களுக்கு வேண்டுமென்றே செய்வதுபோலத் தோன்றும். சுமார் 10 நொடிகள் மட்டும் நினைவு தவறிப்போகும் ஒருவகை வலிப்பாகவும் இருக்கக்கூடும். அதில் கை கால் வெட்டிக்கொள்வதில்லை. பேச்சு பாதியில் நிற்கும், பார்வை வெறிக்கும், இமை லேசாகத் துடிக்கும், பிறகு எதுவுமே நடவாததுபோல விளையாட்டு தொடரும். அடுத்த முறை அழைத்துத் திரும்பாவிட்டால் தோளைத் தொட்டுப் பாருங்கள். யோசனையில் இருக்கும் குழந்தை பெரும்பாலும் தொட்டவுடன் திரும்பிவிடும். வலிப்பில் இருக்கும் குழந்தை திரும்பாது. செல்போனில் படம் பிடித்து வையுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அரை நிமிடக் காணொளி மருத்துவருக்கு அதிகம் சொல்லும். தேவைப்பட்டால் அவர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்வார்.

அதேபோல அந்தக் குறட்டை. டான்சிலோ மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையோ வீங்கி இரவில் மூச்சு தடைப்பட்டால் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். தூக்கம் கெட்ட பெரியவர் மறுநாள் சோர்ந்து கிடப்பார். குழந்தையோ ஓரிடத்தில் நில்லாமல் ஓடி, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும். காதுக்கான பரிசோதனையும் காது மூக்கு தொண்டை மருத்துவரின் கருத்தும் எந்த முத்திரையும் குத்துவதற்கு முன்பு கையில் இருக்க வேண்டியவை.

இனி நோட்டுக்கு வருகிறேன். எந்தப் பாடத்தில் கிழிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அடங்காதவன் என்ற புகாரோடு என்னிடம் வந்த ஒரு சிறுவனின் தாயிடம், ஒவ்வொரு சம்பவத்துக்கும் முன்பு என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்பு என்ன ஆனது என்று இரண்டு வாரங்களுக்கு ஆசிரியரின் உதவியோடு குறித்துவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த தாள்களில் பெரும்பாலான சண்டைகள் சொல்வதெழுதும் நேரத்தை ஒட்டியே வந்திருந்தன. முதலில் பென்சில் முனையை உடைப்பான். அடுத்துக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். அதுவும் கிடைக்காவிட்டால் நோட்டைக் கிழிப்பான். சோதித்ததில் டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு, எழுத்துக் குறைபாடு என்று தெரிந்தது. எழுதத் தெரியாதவன் என்று வகுப்பின் முன் தெரிந்துபோவதைவிட, அடங்காதவன் என்று பெயர் வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாள்களை நீங்களும் எழுதத் தொடங்குங்கள் என்கிறேன்.

செல்லம் பற்றிய பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். வளர்ப்பு முறை ஏ.டி.எச்.டி.யையோ ஆட்டிசத்தையோ உண்டாக்குவதில்லை. ஆனால் பள்ளியோடு பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். வகுப்பாசிரியர் நிரப்பித் தரும் வினாத்தாள் இல்லாமல் மதிப்பீடு முழுமையாகாது. வகுப்பிலேயே வயதில் மிகச் சிறியவன் அவன்தானா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அதிகமாகச் சூட்டப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குழந்தை மனநல மருத்துவரையோ குழந்தை வளர்ச்சித் துறை மருத்துவரையோ பாருங்கள். அறிவுத்திறனையும் வாசிப்பு, எழுத்துத் திறனையும் சோதிக்க மருத்துவ உளவியலாளர் ஒருவரும் உடன் இருப்பது நல்லது. எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், வேறு எவற்றை விலக்கினீர்கள், எப்போது மறுபரிசீலனை செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் மருத்துவரிடம் நீங்கள் திரும்பப் போக வேண்டியதில்லை. மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்பதைப் புதிதாகப் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொடங்குவதா வேண்டாமா என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மாத்திரை கொடுத்தால் கவனம் கூடுகிறது, எனவே ஏ.டி.எச்.டி. உறுதி என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் குறைபாடு இல்லாதவர்களுக்கும் அதே மருந்து கவனத்தைக் கூட்டக்கூடும். நினைவு தவறுவது அடிக்கடி நேர்ந்தாலோ, முன்பு செய்துகொண்டிருந்தவற்றை அவன் மறக்கத் தொடங்கினாலோ, இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

போகும்போது முந்தைய மதிப்பெண் அட்டைகளையும், அவன் எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கிழித்த நோட்டுகளை எறிந்துவிடவில்லையென்றால் அவற்றையும் கொண்டுபோங்கள். எந்தப் பக்கம்வரை ஒழுங்காக எழுதியிருக்கிறான், எந்த வரியில் கிழித்திருக்கிறான் என்பதை மருத்துவர் பார்க்கட்டும்.