முதலில் எது திறக்க வேண்டும்? டர்பன் வட்டாரக் கணினி கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த் அக்கா: மகன் படிப்புக்கென்று விண்டோஸோடு உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டான். இப்போது கணினியைப் போட்டாலே அதுதான் வருகிறது. எனக்கு விண்டோஸ் முதலில் வர வேண்டும்.

பதில்: வரவைக்கலாம் அக்கா. (உபுண்டுவும் நம் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கியதுதான், ஒருநாள் பழகிப் பாருங்கள்!) எதைத் திறப்பது என்று கேட்டுக் கறுப்புத் திரையில் வரும் பட்டியலின் பெயர் கிரப். அதில் விண்டோஸ் எத்தனையாவது வரி என்று பாருங்கள். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். ஐந்தாவது வரி என்றால் 4. உபுண்டுவில் இடிசி என்ற கோப்புறை, அதற்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பு. அதில் ‘கிரப் டிஃபால்ட்’ வரியில் 0 இருக்கும் இடத்தில் மகனை 4 போடச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பதில் பட்டியலில் உள்ள பெயரையே மேற்கோள் குறிக்குள் எழுதினால் இன்னும் நல்லது. நாளை வரிசை மாறினாலும் கவலையில்லை. முடித்ததும் டெர்மினலில் (கட்டளை எழுதும் சாளரம்) ‘சூடோ அப்டேட்-கிரப்’ ஓட்ட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

மெரிபேங்க் தம்பி: கடைசியாகத் திறந்ததே மறுபடி வரும்படி வைக்கலாமா அண்ணா?

பதில்: அதே வரியில் ‘சேவ்டு’ என்று போட்டு, ‘கிரப் சேவ்டிஃபால்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கு. உன் சொந்த லேப்டாப் என்றால் சரி. வீட்டுக்கே ஒரு கணினி என்றால் வேண்டாம்ப்பா, தினம் பஞ்சாயத்துதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடைக்காரர்: கடைக் கணக்கின் பேக்கப் இரவில் உபுண்டுவில் ஓடுகிறது. லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் என்ன செய்வது?

பதில்: ஐயா, இப்போது அது குறைந்திருந்தாலும் கேட்டது நல்லது. கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) வைக்கலாம். அப்போது பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். முதலில் உள்ளதுதான் திறக்கும். ஆகவே உங்களுக்கு உபுண்டுவே முதலில் இருக்கட்டும், பகலில் நீங்கள் விண்டோஸில் வேலை செய்தாலும். திறந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், அடுத்த முறை பட்டியல் 30 வினாடி நிற்கும். கோளாறு இல்லை, தானே நகரும்.

ஃபீனிக்ஸ் வாசகர்: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பட்டியலே வரவில்லை!

பதில்: உபுண்டு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) பூட் வரிசையில், அதாவது எது முதலில் திறக்க வேண்டும் என்ற வரிசையில், விண்டோஸ் மேலே ஏறியிருக்கலாம். உபுண்டுவை மறுபடி மேலே வையுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்கக்கூடும்.

அதே வாசகர்: விண்டோஸ் கடிகாரம் 2 மணி நேரம் பின்னால் ஓடுகிறதே?

பதில்: உபுண்டு உலகப் பொது நேரத்தைக் கணினிக்குள் எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நம் நேரம் 2 மணி முன்னால் அல்லவா? உபுண்டுவின் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுங்கள், போதும்.