ஓடிடிஆர் காட்டும் தூரமும் தரையில் இருக்கும் தூரமும்

இராமநாதபுரம் கடற்கரையோரம் ஒளியிழைக் கேபிள் வேலை பார்க்கும் நண்பர்கள் ஓடிடிஆர் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து வெட்டும் இழப்பும் எங்கே என்று காட்டும் கருவி அது. கேபிள்களை இணைக்கும் ஜாயின்ட் குழிகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணா), கேபிள் வெட்டு 4.312 கிலோமீட்டரில் இருப்பதாகக் கருவி காட்டியது. பைக்கில் அளந்துபோய்த் தோண்டினோம். அங்கே கேபிள் நன்றாகவே இருக்கிறது. கருவி பழுதா?

பழுதில்லை தம்பி. அது தூரத்தை அளப்பதே இல்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. ஒளித்துடிப்பு ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 9.8 மைக்ரோ விநாடி ஆகும். அந்த நேரத்தைத் தூரமாக மாற்றுவது நாம் கருவியில் பதியும் ஒளிவிலகல் எண், அதாவது இழைக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று சொல்லும் எண். சாதாரண சிங்கிள் மோடு இழைக்கு அது 1.468ஐ ஒட்டி இருக்கும். யாராவது 1.460 என்று மாற்றி வைத்திருந்தால், உங்கள் தூரத்தில் இருபது மீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

அதைவிடப் பெரிய சங்கதி இழையின் நீளம். கேபிளுக்குள் இழை நேராக ஓடுவதில்லை, முறுக்கிக்கொண்டு போகிறது. அதனால் கேபிளைவிட இழை ஒரு சதவீதம் அளவுக்கு நீளமாக இருக்கும். ஜாயின்ட் குழிகளில் பின்னால் உதவும் என்று சுருட்டி வைத்த கேபிளும் இருக்கிறது. குழிக்கு இருபது மீட்டர் என்றால், மூன்று குழியிலேயே அறுபது மீட்டர் போய்விடுகிறது. இவ்வளவும் சேர்ந்துதான் உங்களை வெட்டையும் தாண்டி நூறு மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்த் தோண்ட வைத்தது.

அலுவலகத்திலிருந்து அளக்காதீர்கள். வெட்டுக்கு முந்தைய ஜாயின்ட்டை டிரேஸில், அதாவது கருவி வரையும் கோட்டில், கண்டுபிடியுங்கள். அது 3.905இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 407 மீட்டர். அந்தக் குழியிலிருந்து வெட்டை நோக்கிப் போகும் பக்கம் பத்து மீட்டர் சுருள் இருந்தால் அதைக் கழியுங்கள், மிச்சத்தில் ஒரு சதவீதம் குறையுங்கள். 393 மீட்டர் வரும். அதை டேப் பிடித்து அளங்கள்.

ஏற்கெனவே தோண்டிய குழியையும் வீணாக்க வேண்டாம். கேபிளின் மேலுறையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஜாயின்ட் குழியில் 1180, தோண்டிய இடத்தில் 1690 என்று இருந்தால் நீங்கள் 510 மீட்டர் வந்துவிட்டீர்கள். திரும்பி நடக்க வேண்டியதுதான்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, பல்ஸ் அகலத்தை, அதாவது ஒளித்துடிப்பு நீடிக்கும் நேரத்தைக் கூட்டினால் கோடு தெளிவாக வருகிறது. எப்போதும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கிணற்றுக்குள் ஒரு முறை கைதட்டினால் எதிரொலி தனியாகக் கேட்கும். நீட்டிக் கத்தினால் கத்தலும் எதிரொலியும் ஒன்றாகிவிடும். 10 நானோ விநாடித் துடிப்பு இழையில் சுமார் ஒரு மீட்டரைக் குழப்பும், 1 மைக்ரோ விநாடித் துடிப்பு நூறு மீட்டரை விழுங்கிவிடும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் குறுகிய துடிப்பு, தொலைவுக்கு அகலமான துடிப்பு என்று இரண்டு முறை சுடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு மாணவி: ஐயா, லாஞ்ச் கேபிள் கட்டாயமா?

கட்டாயம் அம்மா. கருவியின் வாயிலேயே எழும் எதிரொளிப்பு முதல் கனெக்டரை மறைத்துவிடும். நடுவே லாஞ்ச் கேபிள் என்னும் சில நூறு மீட்டர் இழைச் சுருளை வைத்தால்தான் அந்தக் கனெக்டரின் இழப்பு தெரியும். கடைசிக் கனெக்டரை அளக்க மறுமுனையிலும் ஒரு சுருள் வேண்டும்.

உச்சிப்புளியிலிருந்து: 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கோடு சுத்தமாக இருக்கிறது. 1550இல் ஒரே இடத்தில் அரை டெசிபலுக்கு மேல் விழுகிறது.

இழை எங்கோ மடங்கியிருக்கிறது. மடிப்பில் நீண்ட அலைநீளம்தான் அதிகம் கசியும். ஸ்ப்ளைஸே (இரண்டு இழைகளை உருக்கி ஒட்டிய இடமே) மோசம் என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு விழும். நம் பக்கத்தில் முதலில் கம்பங்களைப் பாருங்கள். ஆடிக் காற்றில் ஆடாமல் இருக்கட்டும் என்று கட்டுக்கம்பியை இறுக்கி முறுக்கியிருப்பார்கள், பனைமட்டை உரசி இழுத்திருக்கும்.

கம்பத்தில் இல்லையென்றால் ஜாயின்ட் பெட்டியைத் திறவுங்கள். பாம்பனில் ஓர் இரவு இதே கதைதான். நான்கு ஸ்ப்ளைஸும் சரியாக இருந்தன. பெட்டிக்குள் இழைகளைச் சுற்றி வைக்கும் தட்டின் மூடியைத் தூக்கியபோதுதான் நீல இழை ஒன்று கொக்கியின் அடியில் நசுங்கிக் கிடந்தது தெரிந்தது. நகத்தால் மெல்ல விடுவித்தேன். மறுமுனையில் இருந்தவர் அடுத்த டிரேஸிலேயே பள்ளம் போய்விட்டது என்றார். மறுபடி ஸ்ப்ளைஸ் போட்டிருந்தால் இழையும் நேரமும்தான் வீணாகியிருக்கும்.

தொண்டியிலிருந்து: ஒரு ஜாயின்ட்டில் ஒளி கூடுவதாகக் காட்டுகிறது. எப்படி?

கூடவில்லை. ஜாயின்ட்டுக்கு அந்தப் பக்கமுள்ள இழை சற்று அதிகமாக ஒளியைத் திருப்பிச் சிதறடிக்கிறது, கருவி அதை லாபம் என்று எண்ணிக்கொள்கிறது. எதிர்முனையிலிருந்தும் சுட்டுச் சராசரி எடுங்கள். ஒரு பக்கம் 0.08 லாபம், மறுபக்கம் 0.20 இழப்பு என்றால் உண்மையான இழப்பு 0.06 டெசிபல். நல்ல ஜாயின்ட், கை வைக்காதீர்கள்.

பாம்பனிலிருந்து: உப்புக்காற்று கண்ணாடி இழையை அரிக்குமா?

கண்ணாடியை அரிக்காது. பெட்டியின் திருகை, கேபிளின் இரும்புக் கவசத்தை அரிக்கும். ரப்பர் வளையம் தளர்ந்தால் பெட்டிக்குள் நீர் இறங்கும். இழுவிசையில் இருக்கும் இழையில் ஈரம் பட்டால் நுண்விரிசல் வளரும். கனெக்டர் முனையோ இன்னும் நுட்பமானது. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளே அதை மறைத்துவிடும். செருகும் முன் ஒவ்வொரு முறையும் நார் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் அழுக்குதான்.

ஏர்வாடியிலிருந்து: வாடிக்கையாளருக்குச் சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதிக்கலாமா?

1310, 1550இல் ஒருபோதும் வேண்டாம். கருவியின் ஒளி உணரி கெட்டுவிடலாம், வாடிக்கையாளரின் இணைப்பும் அறுபடும். 1625 அல்லது 1650 நானோமீட்டரும் வடிகட்டியும் உள்ள தனிவாய் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இழைமுனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுடும்.

இராமேசுவரத்திலிருந்து: தனுஷ்கோடிப் பக்கம் புதுக் கேபிள் போட்டு முடித்தோம். எதைப் பதிந்து வைக்க வேண்டும்?

இதைக் கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம். ஒவ்வோர் இழைக்கும் இரு முனையிலிருந்தும், 1310, 1550 இரண்டிலும் டிரேஸ் எடுத்துச் சேமியுங்கள். கருவியில் பதிந்த ஒளிவிலகல் எண்ணையும் பல்ஸ் அகலத்தையும் கூடவே எழுதுங்கள். நாளை கேபிள் அறுந்தால் பழைய டிரேஸின் மேல் புதியதை வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒவ்வொரு குழிக்கும் மேலுறை எண், சுருளின் நீளம், ஜிபிஎஸ் புள்ளி மூன்றும் வேண்டும். மணல்மேட்டை அடையாளமாக எழுதாதீர்கள். மார்கழியில் பார்த்த மேடு ஆடியில் அதே இடத்தில் இருக்காது.