கோவா நோட்டுக்கு இஎம்ஐ கட்டாதீர்கள்

கேள்வி: கோவாவின் வாஸ்கோ நகரில் வேலை. போர்ச்சுகீசியர் காலத்து கோவா நோட்டுகளைப் பத்து வருடமாகச் சேர்க்கிறேன். பழைய நோட்டு வியாபாரம் செய்யும் மச்சான், விலை ஏறப்போகிறது என்றார். போன மாதம் 3 லட்சம் பர்சனல் லோன் போட்டு அவரிடமே வாங்கினேன். செட்டை முழுதாக்க இன்னும் 2 லட்சம் கடன் வாங்கச் சொல்கிறார். மகள் அடுத்த வருடம் கல்லூரி சேர வேண்டும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. 1959-இல் போர்ச்சுகீசிய கோவாவின் பழைய பணமான ரூபியா போய், எஸ்குடோ என்ற புதுப் பணம் வந்தபோது ஒரு ரூபியாவுக்கு 6 எஸ்குடோ என்று கணக்கு. அதனால்தான் 30, 60, 300, 600 என்று நோட்டு அடித்தார்கள். 5 ரூபியாதான் 30 எஸ்குடோ. 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. சுமார் மூன்று வருடமே ஓடிய பணம் அது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதைச் சேர்த்தவரை ஒரு தப்பும் இல்லை. கடனில் வாங்க ஆரம்பித்ததுதான் தப்பு.

15% வட்டி, 3 வருடம் என்று வையுங்கள். மாதம் சுமார் 10,400. மொத்தம் ஏறக்குறைய 3.75 லட்சம். விற்கப் போனால் கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் எடுப்பார். முக்கால் விலை கொடுத்தாலும், நீங்கள் கையைக் கடிக்காமல் வெளியே வர அந்த நோட்டுகள் கடையில் 5 லட்சத்துக்குப் போக வேண்டும். மூன்றே வருடத்தில் அந்த ஏற்றம் வரும் என்று நம்பியா மகளின் ஃபீஸை வைத்திருக்கிறீர்கள்?

தரச்சான்று போட்ட பிளாஸ்டிக் உறையைக் காட்டி ‘முதலீடு’ என்று விற்பது இப்போது ஃபேஷன். உறை, நோட்டின் நிலையைச் சொல்லும். வாங்க ஆளைக் கூட்டி வராது. உறை இல்லாத நோட்டாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான்காக மடித்த தடமும் நடுவில் ஊசித்துளையும் தெரிந்தால், புது நோட்டின் விலை அதற்குக் கிடையாது.

அப்புறம், மச்சான். விற்பவரே யோசனையும் சொல்கிறார், அதுதான் சிக்கல். மனைவி வழி உறவு, முகத்தை முறிக்க முடியாது. அதனால் சண்டை வேண்டாம். போன மாதம் வாங்கியதில் இரண்டை எடுத்துக்கொண்டு போய், ‘மகள் ஃபீஸுக்குப் பணம் தேவை, வாங்கின விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். கொடுத்தால், முன்கூட்டிக் கட்ட என்ன கட்டணம் என்று வங்கியில் விசாரித்துவிட்டு, அப்படியே கடன் அசலில் கட்டிவிடுங்கள். இழுத்தடித்தால், அந்த 2 லட்சம் பற்றி என்னிடம் மறுபடி கேட்க வேண்டியிருக்காது.