கொக்கிரகுளத்தில் இறங்கி மணப்பாடு வரை படகில் போக முடியுமா?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நானும் நண்பனும் இருவர் துடுப்புப் போடும் கயாக் வாங்கியிருக்கிறோம். கொக்கிரகுளத்தில் இறங்கி தாமிரபரணி வழியாகப் புன்னக்காயல், அங்கிருந்து கரையோரமாக மணப்பாடு போக ஆசை. இது தேசிய நீர்வழி, அனுமதிச் சீட்டு வேண்டும், வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் தம்பி. கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

2016 சட்டத்தில் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். அதில் கொக்கிரகுளத்துச் சுலோசன முதலியார் பாலத்திலிருந்து கடல் வரை தாமிரபரணியும் உண்டு, 64 கிலோமீட்டர். பெயர் வைத்ததோடு சரி. அணைக்கட்டில் படகு ஏறி இறங்க வழி கிடையாது. அமலைச் செடி மண்டிக் கிடக்கிறது, ஊர்ச் சாக்கடை இன்னும் ஆற்றில்தான் விழுகிறது. இத்தனை வருஷத்தில் இதைக்கூடச் சரிசெய்யாதவர்கள் எதற்கு நீர்வழி என்று பட்டியல் போட்டார்களோ! அந்தப் பெயரைக் காட்டித்தான் தரகர் உங்களிடம் காசு கேட்கிறார். அணைக்கட்டு நீர்வளத்துறையின் பொறுப்பு. அந்தத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய் மனு கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாருக்கும் பத்து பைசா தரவேண்டாம்.

தரகர் அடுத்து மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்லி மிரட்டுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பது உண்மைதான். ஆனால் அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் இல்லை. அந்த மாதங்களிலும் அவர்கள் தொழிலுக்குப் போகிறார்கள். நீங்கள் மீன் பிடிக்கவே போகவில்லை. தடைக்காலத்துக்கு "விலக்கு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், உங்களுக்குத் தேவையே இல்லாத ஒன்றை விற்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த மாதங்களைத் தவிர்க்கச் சொல்வேன். காரணம் தடை அல்ல; ஆற்றில் தண்ணீர் இருக்காது.

சரி, ஆற்றுக்கு வருவோம். அந்தப் பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போனால் மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று இரண்டு அணைக்கட்டு. அதற்கும் கீழே முக்காணிப் பக்கம் ஒரு தடுப்பணை. மூன்றிலும் கரை ஏறி, படகைத் தூக்கிச் சுமந்து இறக்க வேண்டும். தண்ணீர் அணைக்கட்டுக்கு மேல் மெல்லியதாக வழிகிறதே, அப்படியே சறுக்கிவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. வழிந்து விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் சிக்கிய ஆளை வெளியே விடாது, நல்ல நீச்சல்காரராக இருந்தாலும். கற்களில் பாசி படிந்திருக்கும். செருப்பில்லாமல், முதுகில் சுமையோடு கால் வைக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் நடக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என்ற இரண்டு வாய்க்கால்களும் தண்ணீரை வாங்கிக்கொள்கின்றன. மழை இல்லாத நாளில் கீழே மணலும் குட்டையும்தான். அங்கே படகைக் குட்டியானையில் ஏற்றிப் புன்னக்காயல் கொண்டுபோவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெள்ளக் காலத்தில் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது இந்த ஆறு என்ன செய்தது என்று பார்த்தோமே. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முன்பாதி வரை நல்லது.

முகத்துவாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடல்மட்டம் இறங்கி ஆறு வெளியே பாய்கிற நேரத்தில் எதிரே அலையும் வந்தால் படகு நிமிர்ந்து கவிழும். புன்னக்காயல் மீனவரிடம் கேட்டு, அவர் வள்ளத்தின் பின்னாலேயே வெளியே போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி நியாயமான செலவு.

மணப்பாடு அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல் திருச்செந்தூரில் தங்குங்கள். விடியலில் கிளம்பி, கடல்காற்று ஏறுவதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்பு கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் ஆதார் நகலும் பயண விவரமும் எழுதிக் கொடுங்கள். அவர்களின் உதவி எண் 1093. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் படகின் உள்பக்கத்தில் அழியாத மையில் எழுதி வையுங்கள், போன் நனைந்துபோனால் இன்னொருவர் போனிலிருந்தாவது கூப்பிடலாம்.